பயணத்தில் தெரியும் முகம்



எனக்கு நன்கு அறிமுகமான பெரியவர் ஒருவர் அண்மையில் தம் மனைவியுடன் உம்ரா முடித்துத் திரும்பியிருந்தார். நலம் விசாரிக்கச் சென்ற எனக்கு ஸம்ஸம் நீரும் பேரீச்சம்பழமும் தந்து உபசரித்தவர், பேச்சினிடையே ஒரு செய்தியைச் சொன்னார். அதை உங்களிடம் அப்படியே ஒப்படைக்கிறேன்.

"மக்காவில் மூன்றாம் நாள் காலை, அறையில் இருவருக்கும் நானே தேநீர் கலந்தேன். அவளுடைய குவளையில் இரண்டு கரண்டிச் சீனி போட்டேன். அதை வாங்கிச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: 'எனக்குச் சீனி கூடாதென்று டாக்டர் சொல்லி ஏழு வருஷமாகிறது. உங்களுக்குத் தெரியாதா?' எனக்குத் தெரியாது, தம்பி. தொலைபேசியில் சொன்னால் நான் கவலைப்படுவேன் என்று அவள் சொல்லவில்லை. சபரை முடித்துக்கொண்டு ஊர் வந்து நான்கு மாதம் வீட்டிலேதான் இருந்தேன். அடுக்களையிலிருந்து தேநீர் வரும், குடிப்பேன். அவள் என்ன குடிக்கிறாள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை."

அந்தப் பெரியவர் வளைகுடா நாட்டில் முப்பதாண்டுகள் உழைத்தவர். இரண்டாண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பதாண்டு இல்லறத்தில் கணவனும் மனைவியும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தது ஏறத்தாழ முப்பது மாதங்கள். அதாவது, இரண்டரை ஆண்டு! அதிலும் திருமணங்கள், விருந்துகள், வீடு கட்டும் வேலைகள் போக, இருவரும் முகம் பார்த்துப் பேசிய நாட்கள் எத்தனை இருக்கும்?

நம் ஊர்களில் 'சபராளி' என்றாலே ஆண் மட்டும்தான். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று அவன் செல்வான், அவள் காத்திருப்பாள். சம்பாத்தியத்திற்கான சபரை நாம் நன்கறிவோம். ஆனால், கணவனும் மனைவியும் சேர்ந்து நெடுந்தொலைவு, நெடுநாள் செல்லும் பயணம் மனிதர்களை என்ன செய்கிறது என்பதை நாம் அதிகம் சிந்தித்ததில்லை. இம்மாதம் அதைச் சிந்திப்போம்.

உமர் (ரலி) அவர்கள் கேட்ட கேள்வி

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது 'இஹ்யா உலூமித்தீன்' பெருநூலில் பயண ஒழுக்கங்களுக்கென்றே ஒரு தனிப் பகுதியை ஒதுக்கியிருக்கிறார்கள். மனிதர்களின் குணங்களை வெளிப்படுத்திக் காட்டுவதால்தான் பயணத்திற்கு 'ஸபர்' என்று பெயர் வந்தது என்ற விளக்கத்தையும் தருகிறார்கள். திரையை விலக்குதல், வெளிச்சமாக்குதல் என்னும் பொருள் அந்த அரபு வேர்ச்சொல்லுக்கு உண்டு.

ஒரு மனிதரைப் பற்றி மற்றொருவர் நற்சாட்சி சொல்ல வந்தபோது, உமர் (ரலி) அவர்கள் அவரிடம் கேட்டதாகப் பெரியோர் எடுத்துரைக்கும் செய்தியை நீங்களும் கேட்டிருக்கலாம். அவர் உமது அண்டை வீட்டாரா? அவருடன் கொடுக்கல் வாங்கல் செய்திருக்கிறீரா? அவருடன் பயணம் செய்திருக்கிறீரா? மூன்றுக்கும் இல்லை என்று பதில் வரவே, அப்படியானால் நீர் அவரை அறியமாட்டீர் என்று கூறிவிட்டார்கள்.

இதே கேள்வியை நம் இல்லறத்தின் பக்கம் திருப்பினால் என்ன? சகோதரரே, உங்கள் மனைவியுடன் நீங்கள் பயணம் செய்திருக்கிறீர்களா? சகோதரியே, உங்கள் கணவருடன் பயணம் செய்திருக்கிறீர்களா? ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் மூன்று நாள் சென்று வந்ததை நான் கேட்கவில்லை. மூன்று நாட்களுக்கு எவரும் நல்ல முகம் காட்டிவிடலாம். பணம் குறைந்து, உடல் சோர்ந்து, மொழி புரியாத ஊரில் வழி தவறி, அடுத்த வேளை உணவு எங்கே என்று தெரியாமல் நிற்கும்போது காட்டும் முகம்தான் உண்மையான முகம். நீண்ட பயணம் அந்த முகத்தை வெளியே கொண்டுவருகிறது.

ஆறு மாதம் இருபத்திரண்டு ஆண்டான கதை

இக்காலத்தில் உலகைச் சுற்றிய தம்பதிகளில் அர்ஜென்டினா நாட்டைச் சேர்ந்த ஹெர்மன் ஸாப், கண்டெலாரியா ஸாப் இருவரும் குறிப்பிடத்தக்கவர்கள். 2000-ஆம் ஆண்டு ஜனவரி 25 அன்று, 1928-இல் செய்யப்பட்ட பழைய கிரகாம்-பெய்ஜ் கார் ஒன்றில் புயனஸ் அயர்ஸ் நகரத்திலிருந்து புறப்பட்டார்கள். அப்போது கணவருக்கு வயது 31; மனைவிக்கு 29. ஆறு மாதத்தில் அலாஸ்காவை அடைந்து திரும்புவது திட்டம். ஆனால், அவர்கள் பயணத்தை முடித்தது 2022 மார்ச்சில்! இருபத்திரண்டு ஆண்டுகளில் 102 நாடுகள். ஏறத்தாழ 3,62,000 கிலோமீட்டர்.

கையிலிருந்த பணம் வழியிலேயே தீர்ந்தது. மனைவி பறவைகளின் ஓவியங்களைத் தீட்ட, கணவர் அவற்றுக்குச் சட்டமிட்டு விற்றார். பின்னர் தம் பயணத்தை நூலாக எழுதி விற்றே செலவைச் சமாளித்தார்கள். நான்கு குழந்தைகள் பிறந்தன. மூத்தவர் அமெரிக்காவில், அடுத்தவர் அர்ஜென்டினாவில், மூன்றாமவர் கனடாவில், கடைசிக் குழந்தை ஆஸ்திரேலியாவில். குடும்பம் பெருகவே, காரை இரண்டாக வெட்டி நடுவில் நீளம் சேர்த்தார்கள்! கணவர் மலேரியாவில் விழுந்ததும் உண்டு. வழிநெடுக முன்பின் அறியாத மக்கள் அவர்களைத் தம் வீடுகளில் தங்கவைத்து உணவளித்தார்கள். உலகில் கண்ட அற்புதங்களுள் மனிதர்களே மிகப் பெரியவர்கள் என்பதே, திரும்பி வந்தபோது அவர்கள் சொன்னதன் சாரம்.

நாம் அனைவரும் வீட்டைப் பூட்டிவிட்டு இப்படிக் கிளம்ப வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. பெற்றோர், பிள்ளைகளின் கல்வி, கடன், அமானிதம் என்று நமக்குக் கடமைகள் உண்டு. ஆனால் அந்த ஓவியத்தையும் சட்டத்தையும் எண்ணிப் பாருங்கள். ஒருவர் தீட்ட, மற்றவர் சட்டமிட, அந்த வருவாயில் இருவரும் உண்டார்கள். வீட்டில் இருந்தவரை 'இது என் வேலை, அது உன் வேலை' என்றிருந்த கோடு, சாலையில் அழிந்துவிடுகிறது. நெடும்பயணம் தம்பதியரிடம் செய்யும் முதல் மாற்றம் இதுவே.

நம் பெரியவரின் மனைவிக்கும் மக்காவில் ஒரு வியப்புக் காத்திருந்தது. கணவர் தம் துணிகளைத் தாமே துவைத்தார். மின்அடுப்பில் பதினைந்து நிமிடத்தில் பருப்பும் சோறும் ஆக்கினார். வளைகுடா அறையில் எட்டுப் பேருடன் முறைவைத்துச் சமைத்து முப்பதாண்டு பழகிய கை அல்லவா! "இவ்வளவு காலம் நீங்கள் இப்படியா இருந்தீர்கள்?" என்று கேட்டு அந்த அம்மையார் கண் கலங்கினாராம். ஊருக்கு வந்தால் மாப்பிள்ளைபோல் அமர்ந்து உண்பவரை மட்டுமே அவர் அறிந்திருந்தார். அடுப்படியில் வியர்த்து நின்ற மனிதரை அன்றுதான் அறிந்தார்.

தொலைந்த கழுத்துமாலை

பயணத்தின் இரண்டாவது சோதனை, கோபம். பயணச்சீட்டு காணாமற்போகும், பெட்டி வந்து சேராது, பேருந்து தவறிவிடும். அந்த நேரத்தில் "உன்னால்தான்" என்னும் ஒரு சொல் நாவின் நுனியில் வந்து நிற்கும்.

ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்துமாலை தொலைந்துபோனது. அதைத் தேடுவதற்காக நபி (ஸல்) அவர்கள் அவ்விடத்திலேயே தங்கினார்கள்; மக்களும் தங்கினார்கள். அங்கே நீர் இல்லை. மக்களிடமும் நீர் இல்லை. அன்னையின் தந்தையான அபூபக்ர் (ரலி) அவர்கள் வந்து, மக்களைத் தடுத்து நிறுத்திவிட்டாயே என்று மகளைக் கடிந்துகொண்டார்கள். விலாவில் குத்தவும் செய்தார்கள். அன்னையோ அசையவில்லை. ஏனெனில், நபி (ஸல்) அவர்கள் அன்னையின் மடியில் தலைவைத்து உறங்கிக்கொண்டிருந்தார்கள்!

தந்தை கடிந்தார், கணவர் கடிந்ததாக அறிவிப்பில் இல்லை. மனைவியின் ஒரு மாலைக்காக முழுப் படையையும் நிறுத்தியவர்கள், அவர் மடியிலேயே நிம்மதியாக உறங்கினார்கள். அந்த வேளையில்தான் தயம்மும் பற்றிய இறைவசனம் அருளப்பட்டது. நீரற்ற பயணி ஒவ்வொருவருக்கும் மறுமை நாள்வரை ஒரு சலுகை கிடைத்தது. ஒட்டகத்தை எழுப்பியபோது மாலையும் அதன் அடியிலேயே கிடைத்தது. அடுத்தமுறை பயணத்தில் ஏதேனும் தொலைந்து, துணைவரின் மேல் சினம் வரும்போது, இந்நிகழ்ச்சியை நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் பெருமானார் (ஸல்) அவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடியதும் பயணத்தில்தான். முதலில் அன்னை வென்றார்கள். பின்னொரு சமயம் பெருமானார் வென்று, அதற்கு இது ஈடாயிற்று என்று நகைச்சுவையாகக் கூறினார்கள். ஊருக்குள் கிடைக்காத மகிழ்ச்சியும் வழியில் கிடைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மூன்றாவது மாற்றம், ஆலோசனை. ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு (கி.பி. 628) ஹுதைபிய்யாவில் உடன்படிக்கை முடிந்தபின், பலிப் பிராணிகளை அறுத்து முடி களையுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியும், துயரத்தில் ஆழ்ந்திருந்த தோழர்கள் எழவில்லை. உடன் வந்திருந்த அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் சென்று பெருமானார் இதைத் தெரிவித்தார்கள். எவரிடமும் எதுவும் பேசாமல், முதலில் தாங்களே சென்று அறுத்து, முடியை மழித்துக்கொள்ளுங்கள் என்று அன்னை யோசனை கூறினார்கள். அவ்வாறே செய்தார்கள், அதைக் கண்டு தோழர்களும் எழுந்தார்கள். 'அவளுக்கு என்ன தெரியும்?' என்று பேசிப் பழகிய நம் ஆண்களில் பலர், வேற்றூரில் வழி தெரியாமல் நிற்கும்போதுதான் மனைவியின் அறிவை முதன்முறையாகக் கண்டுகொள்கிறார்கள்.

தனியே சென்றவர்

தனிப்பயணத்தின் பெருமையை நாம் குறைத்துவிடவில்லை. 1325-இல், 21-ஆம் வயதில், தாஞ்சியரிலிருந்து துணை எவருமின்றிப் புறப்பட்ட இப்னு பதூதாவை உலகமே போற்றுகிறது. அவர் நம் தமிழ்நாட்டிற்கும் வந்தவர். மதுரையை ஆண்ட சுல்தான் கியாஸுத்தீனின் மனைவியும் இப்னு பதூதாவின் மனைவியரில் ஒருவரும் உடன்பிறந்தோர் என்பது அவரது பயண நூலே தரும் செய்தி.

போகுமிடங்களில் அவர் மணம் செய்துகொண்டார், புறப்படும்போது பிரிந்தார். டமாஸ்கஸில் கருவுற்றிருந்த மனைவியை விட்டுச் சென்றவர், 1348-இல் அந்நகருக்குத் திரும்பித் தம் மகனைப் பற்றி விசாரித்தார். அவன் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன என்றார்கள். தம் தந்தை இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்ட செய்தியையும் அங்கேதான் அறிந்தார். தாஞ்சியரை நெருங்கும்போது, தாயும் கொள்ளைநோயில் இறந்துவிட்டார் என்ற செய்தி எதிர்கொண்டது. உலகமெல்லாம் கண்ட அந்தக் கண்கள் தம் மகனின் முகத்தைக் காணவில்லை. நம் சபராளிகள் பலருக்கு இந்த வேதனை புதிதன்று.

சேர்ந்து சென்றவர்கள்

இதற்கு மறுபக்கமாக ஒரு தம்பதியை நினைவூட்ட விரும்புகிறேன். ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி), அவர்களின் துணைவியார் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி). மக்காவின் கொடுமை தாங்காது இருவரும் கடல் கடந்து அபிசீனியா சென்றார்கள். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் அந்நிய மண்ணில் வாழ்ந்தார்கள். நஜ்ஜாஷி மன்னரின் அவையில் இஸ்லாத்தை எடுத்துரைத்த கணவரின் பெருமையை நாம் அனைவரும் அறிவோம். அந்த ஆண்டுகளில் அந்த மண்ணில் பிள்ளைகளைப் பெற்று வளர்த்த மனைவியை எத்தனை பேர் அறிவோம்?

கைபர் வெற்றியின்போது (கி.பி. 628) அவர்கள் மதீனா வந்து சேர்ந்தார்கள். ஒருநாள் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களின் வீட்டில் அஸ்மாவைக் கண்ட உமர் (ரலி) அவர்கள், ஹிஜ்ரத்தில் நாங்கள் உங்களை முந்திவிட்டோம் என்றார்கள். அஸ்மா (ரலி) அவர்கள் சினம் கொண்டார்கள். நீங்கள் அல்லாஹ்வின் தூதருடன் இருந்தீர்கள். உங்களில் பசித்தவருக்கு அவர்கள் உணவளித்தார்கள். நாங்களோ தொலைவான நாட்டில் துன்பத்திலும் அச்சத்திலும் இருந்தோம் என்று கூறி, நேரே நபி (ஸல்) அவர்களிடம் சென்று முறையிட்டார்கள். அவருக்கும் அவர் தோழர்களுக்கும் ஒரு ஹிஜ்ரத். கப்பலில் வந்த உங்களுக்கோ இரண்டு ஹிஜ்ரத் என்று நபி (ஸல்) அவர்கள் அருளினார்கள். அக்கப்பலில் வந்தவர்கள் கூட்டங்கூட்டமாக அஸ்மாவிடம் வந்து, அந்த நற்செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டு மகிழ்ந்தார்கள்.

உமர் (ரலி) அவர்களையே எதிர்த்துப் பேசும் துணிவு அந்தப் பெண்மணிக்கு எங்கிருந்து வந்தது? வழியின் துன்பத்தில் தமக்கும் சம பங்கு உண்டு என்று அறிந்ததிலிருந்தே வந்தது. அபிசீனியாவிலிருந்து அவர்கள் வெறுங்கையுடனும் திரும்பவில்லை. பெண்களின் ஜனாஸாவைத் தூக்கிச் செல்கையில் உடலமைப்பு தெரியுமே என்று அன்னை ஃபாத்திமா (ரலி) வருந்தியபோது, பேரீச்சங்கீற்றுகளை வளைத்து மேலே துணி போர்த்தும் முறையை, தாம் அபிசீனியாவில் கண்டவாறு அஸ்மா (ரலி) அவர்களே செய்து காட்டியதாக நூல்கள் கூறுகின்றன.

திரும்பி வந்த மறு ஆண்டே ஜஅஃபர் (ரலி) அவர்கள் மூத்தா போரில் ஷஹீதானார்கள். சொந்த மக்களிடையே அத்தம்பதியருக்குக் கிடைத்தது ஓராண்டுக்குச் சற்றே அதிகம். அந்நிய மண்ணில் சேர்ந்து கழித்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளே அவர்களின் இல்லறம். அவரைத் தனியே அனுப்பிவிட்டு அஸ்மா மக்காவில் காத்திருந்திருந்தால், என்ன எஞ்சியிருக்கும்?

நம்மால் இயலுமா?

"இதற்கெல்லாம் பணம் வேண்டுமே!" என்பீர்கள். கொச்சியில் சிறிய தேநீர்க்கடை நடத்திய விஜயன்–மோகனா தம்பதியைப் பற்றிச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். கடை வருவாயில் நாளொன்றுக்கு 300 ரூபாய் ஒதுக்கி, 2007-இல் எகிப்தில் தொடங்கி, 26 நாடுகளைச் சேர்ந்தே கண்டார்கள். 2021 அக்டோபரில் ரஷ்யா சென்று திரும்பினார்கள். அடுத்த மாதமே விஜயன் காலமானார். அவர்கள் வங்கிக் கடனும் பெற்றார்கள். வட்டியைத் தவிர்க்க வேண்டிய நாம் அந்த வழியை விடுத்து, நாள்தோறும் ஒதுக்கிவைத்த அந்தப் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

வசதியுள்ளோர் ஹஜ்ஜையே முதல் நெடும்பயணமாகக் கொள்ளலாம். நம் நாட்டு ஹாஜிகளில் பெரும்பாலோருக்கு அது ஏறத்தாழ நாற்பது நாள் பயணம். ஹஜ்ஜின்போது வீண் தர்க்கம் கூடாதென்று திருமறை தனியே விதித்திருப்பதைக் கவனியுங்கள். பயணம் சச்சரவை எழுப்பும் என்பதைப் படைத்தவன் அறிவான். இருவர் மட்டுமே இருந்தாலும் ஜமாஅத்தாகத் தொழுங்கள்; கஸ்ரு, ஜம்உச் சலுகைகளை உங்கள் மத்ஹபின்படி உலமாக்களிடம் முன்பே கேட்டறியுங்கள். கடனை அடைத்து, பெற்றோரின் துஆவைப் பெற்றுப் புறப்படுங்கள். பணப்பையை ஒருநாள் மனைவியிடம் கொடுத்துவிட்டு, அவர் சொல்லும் வழியில் நடந்து பாருங்கள்.

ஒன்றை மறந்துவிடலாகாது. பயணம் குணத்தைக் காட்டுமேயன்றித் தானாக மாற்றிவிடாது. கண்டவற்றுள் சில இனிமையாய் இரா. அவரின் கஞ்சத்தனமும் தெரியும்; இவரின் பிடிவாதமும் தெரியும். தெரிந்தபின் பொறுப்பதும் திருந்துவதும் நம் கையில்தான் உள்ளது. ஆனால், தெரியாமலே முப்பதாண்டு வாழ்வதைவிட, தெரிந்து பொறுப்பது மேலல்லவா?

பயணம் புறப்படும்போது ஓதும் துஆவில், வழியில் நீயே தோழன், விட்டுச் செல்லும் குடும்பத்திற்கு நீயே காவலன் என்று அல்லாஹ்விடம் நாம் ஒப்படைக்கிறோம். காலமெல்லாம் அந்த இரண்டாம் பகுதியிலேயே நம் வீட்டுப் பெண்களை வைத்துவிட்டோம். உடலில் வலு இருக்கும்போதே, ஒரு முறையேனும் அவர்களையும் முதற்பகுதிக்குள் அழைத்துச் செல்வோம், இன்ஷா அல்லாஹ்.

விடைபெறும்போது அந்தப் பெரியவர் வாசல்வரை வந்தார். "இப்போது காலைத் தேநீர் நான்தான் கலக்கிறேன்," என்றார். "இருவருக்கும் சீனியில்லாமல்."

வஸ்ஸலாம்.